புகைக்கு நிரந்தரத் தீர்வு

பாத்தீங்களா பொகைய? ஜன்னலச் சாத்துங்க, இல்லீன்னா ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள உங்க வெள்ளச் சட்ட கரிச்சட்டியாயிரும். இந்த பஸ்ஸு உடறது கறுப்புப் பொகைங்க. டீசல் அதிகம், காத்து பத்தல. ஏர் பில்டரக் கழட்டித் தட்டுனாவே பாதி அடங்கிரும். யாரு தட்டறது? வெள்ளப் பொகைன்னா தண்ணி உள்ள எறங்குதுன்னு அர்த்தம். நீலப் பொகைன்னா எண்ணெ எரியுது. நீலந்தானுங்க அசிங்கம். ஒரு மெக்கானிக்குக்கு அதவிட மானக்கேடு கெடையாது.

எப்படித் தெரியும்னா கேக்கறீங்க? சுந்தராபுரம் தாண்டுனதும் மஞ்சப் போர்டு ஒண்ணு பாத்திருப்பீங்களே, 'திருமூர்த்தி ஆட்டோ ஒர்க்ஸ், புகைக்கு நிரந்தரத் தீர்வு'ன்னு? அந்தத் திருமூர்த்தி நாந்தானுங்க. போர்டப் பாத்துட்டு, பீடிய உடறதுக்கு மருந்து இருக்குதுங்களான்னு கேட்டு வந்தவங்க கூட உண்டு. அவங்களுக்கும் டீ வாங்கிக் குடுத்துத்தான் தாட்டி உடுவேன். ஆனா வண்டின்னு வந்துட்டா வெளையாட்டில்ல. வெளிய போறதுக்கு முன்னால சைலன்சர்ல என்ற வெள்ளக் கர்ச்சீப்ப வெச்சுப் புடிப்பேன். கர்ச்சீப்பு வெள்ளையாவே இருந்தாத்தான் சாவி. இல்லீன்னா வண்டி மறுபடியும் உள்ள.

மடியில என்னன்னு பாக்கறீங்களா? பூட்டு மூடிங்க. பெட்ரோல் டேங்குக்குப் போடறது. உக்கடத்துல கடைகடையா ஏறி எறங்கி வாங்கிட்டு வர்றேன். எதுக்குன்னா, என்ற மச்சானுக்காக. அந்த மனுசன் பண்ணுன வேலைக்கு டேங்குக்கு மட்டுமில்லீங்க, ஊட்டு வாசலுக்கே பூட்டுப் போட்டிருக்கோணும். முன்னால லாரி ஒண்ணு ரோட்டுல குறுக்க நிக்கற நெலமையப் பாத்தா பஸ்ஸு இப்பத்திக்கு நகுராது. சொல்லட்டுங்களா? சொன்னா வயித்தெரிச்சலாவது கொறையும்.

மச்சான்னா ஊட்டுக்காரியோட அண்ணன். நாச்சிமுத்துன்னு பேரு. கணபதியில கிரைண்டர் கம்பெனி வெச்சிருக்காரு, மாவாட்டற கிரைண்டர். வெள்ள வேட்டி, வெள்ளச் சட்ட, எந்நேரமும் சிரிச்ச மொகம். அந்தச் சிரிப்புலதானுங்க எனக்கு நம்பிக்கை கெடையாது. கல்யாணமான நாள்ல இருந்து என்னையப் பாத்தா ஒரே பேச்சுத்தான். "மாப்ள, எத்தன நாளைக்குங்க இந்த கிரீஸ்லயே கெடப்பீங்க? நம்ம கம்பெனிக்கு வந்துருங்க. சூப்பர்வைசராப் போட்டர்றேன். பேன் காத்து, கேன்டீன் சாப்பாடு." கல்லு சுத்தறத நின்னு வேடிக்கை பாக்கறதுக்காங்க நான் பொறந்தேன்? மொகத்துக்கு நேரா அப்படிச் சொல்ல முடியுங்களா, பொண்ணு குடுத்த ஊடு. 'பாக்கலாங்க மச்சான்'னு சொல்லிச் சொல்லியே காலத்த ஓட்டிட்டிருந்தேன்.

அப்பத்தான் பல் டாக்டரம்மா வந்தாங்க. மிருதுளான்னு பேரு. வாரமெல்லாம் பல்லப் புடுங்குவாங்க, ஞாயித்துக்கெழமையானா செட்டிபாளையம் டிராக்குல கார் ரேஸ் ஓட்டுவாங்க. தங்கமான பொண்ணு. பழைய சப்பான் கார் ஒண்ண லாரியில ஏத்திக் கொண்டாந்து எறக்கிட்டு, "அண்ணா, இதுக்கு டர்போ போடோணும். போட்டாத் தாங்கற மாதிரி எஞ்சினப் பலப்படுத்திக் குடுங்க. பெங்களூர்ல கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க"ன்னாங்க.

பெங்களூர்ல முடியாதுன்னதுக்கப்பறம் கோயமுத்தூர்க்காரன் கையக் கட்டிட்டு நிப்பானுங்களா?

பானெட்டத் தொறந்தா, அட சாமி, அது வேற சாதி எஞ்சினுங்க. பிஸ்டன் கெடையாது, வால்வு கெடையாது. நடுவுல இடுப்பு சிறுத்த ஒரு இரும்பு டப்பா, அதுக்குள்ள மூணு மூலையா உப்புன இரும்பு ஒண்ணு சுத்திட்டே இருக்குது. எங்க பசங்க அதுக்கு சமோசான்னே பேரு வெச்சுட்டாங்க. அந்த சமோசாவோட மூணு மூலையிலயும் மெல்லிசா ஒரு இரும்புப் பட்டை இருக்கும். சீலுன்னு சொல்லுவோம். அது டப்பாச் செவுத்த ஒரசிட்டே போகோணும். எஞ்சினோட உசுரே அந்தச் சீல்லதான். அது ஒடஞ்சா எஞ்சின் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியதுதான், ஒக்கிடறதுக்கு வழியே கெடையாது.

இதுல டர்போ வேற. டர்போன்னா வேற ஒண்ணுமில்லீங்க, வெளிய போற பொகையவே வெச்சு ஒரு காத்தாடியச் சுத்த உட்டு, எஞ்சினுக்குள்ள காத்தப் பலவந்தமாத் திணிக்கறது. காத்து கூடுனா பெட்ரோலு கூடும், வெடி கூடும், வேகம் கூடும். தாங்கலீன்னா எல்லாம் கூடி ஒட்டுக்கா நொறுங்கும்.

ஆடி மாசம் மாமனார் ஊட்டுல கருப்பராயனுக்குக் கெடா வெட்டுனாங்க. ஒறம்பர அத்தன பேரும் எலையில உக்காந்திருக்கறோம். மச்சானே வாளியத் தூக்கிட்டு வந்து என்ற எலையில நல்லியாப் பாத்து வெக்கறாரு. வெச்சுட்டு, "அந்த சப்பான் எஞ்சின் என்னாச்சுங்க மாப்ள? வெடிச்சதும் நம்ம கம்பெனிக்கு வந்துருவீங்களா?"ன்னாரு. பந்தியே சிரிக்குது. கடிச்ச நல்லிய எலையிலயே போட்டேன்.

எச்சக் கையோட எந்திரிச்சேன். "மச்சான், இந்த எஞ்சின் ரேஸ்ல வெடிச்சா, போர்டக் கழட்டிப் போட்டுட்டு உங்க கம்பெனிச் சட்டயப் போட்டுக்கறேன். கருப்பராயன் சாட்சி. வெடிக்கலீன்னா செத்தாலும் இந்தப் பேச்ச எடுக்கப்படாது"ன்னேன். மனுசன் மொகத்துல சிரிப்பு ஒரு நிமிசம் நின்னுது பாருங்க, அப்பறம் "சரிங்க மாப்ள, ரசம் ஊத்தட்டுங்களா"ன்னாரு.

அடுத்த வாரமே சட்ட வந்துருச்சுங்க! சாம்பக் கலரு. பாக்கெட்டுக்கு மேல 'திருமூர்த்தி, சூப்பர்வைசர்'னு நூல்ல தச்சு. அளவு கச்சிதம். என்ற பழைய சட்டய எடுத்துக் குடுத்தது யாருன்னு கேட்டா ஊட்டுக்காரி கோகிலவாணி வேற பக்கம் பாக்கறா. அது பீரோவுல தொங்குச்சு. பீரோவத் தொறக்கறப்பல்லாம் அது என்னையப் பாத்துச்சு, நான் அதப் பாத்தேன்.

அப்பறம் என்னங்க, சோறு தண்ணி மறந்து வேலைதான். அந்த எஞ்சின் ஒரே வார்ப்பு கெடையாது. தட்டு, டப்பா, தட்டு, டப்பான்னு அடுக்கி, நீட்டமான போல்ட்டால இறுக்கியிருப்பான். திணிக்கற காத்துக்கு அந்த அடுக்கு முறுக்கிக்கும். அதனால அடுக்குக்கு அடுக்கு ஓட்டை போட்டு, கெட்டி இரும்புல பின்னு கடஞ்சு எறக்குனேன். முடியளவு கூட ஆட்டமில்ல. போல்ட்டெல்லாம் மாத்துனேன், கட்டைவெரல் தண்டி. மூலைச் சீல கெட்டியா மாத்தி, வழவழன்னு தேச்சேன், மொகம் பாத்துக்கலாம். சூடு தாங்கறதுக்கு ஆயில் கூலரு, திணிக்கற காத்தக் குளுர வெக்க முன்னால ஒரு கூலரு, பெட்ரோல் பத்தாமப் போயிறக் கூடாதுன்னு பெரிய பம்பு. என்ற கைவேலையக் குத்தஞ் சொல்ல ஒருத்தன் பொறக்கோணுங்க.

எல்லாம் பூட்டி மொத மொத ஸ்டார்ட் பண்ணுனா, பின்னால நீலப் பொகை!

என்ற ஒர்க்ஷாப்புல! அந்தப் போர்டுக்குக் கீழ! சும்மா மெல்லிசாத்தான், ஊதுபத்தியாட்ட. ஆனாலும் நீலம் நீலந்தானுங்களே. ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. தேடிப் பாத்தா, எஞ்சின் ஓரத்துல குட்டியா ஒரு பம்பு. அது எஞ்சின் ஆயில எடுத்து அந்தச் சீலு ஒரசற எடத்துல சொட்டுச் சொட்டா உட்டுட்டே இருக்குது. ஒழுகலீங்க, வேணும்னே ஊத்தறான்! எண்ணெய எரிக்கறதுக்குன்னே ஒரு பம்பு வெச்சு அனுப்பியிருக்கான் சப்பான்காரன். டாக்டரம்மா கூட, "அண்ணா, அது வேணும், சீலு காஞ்சு போகாம இருக்கறதுக்கு. புக்குல போட்டிருக்குது"ன்னாங்க. "அம்மிணி, இது பொறவிக் கோளாறு. பல்லு கோணலாப் பொறந்தா நீங்க கம்பி போட்டுச் சரி பண்றதில்லீங்களா?"ன்னேன். பம்பக் கழட்டி வீசிட்டு, ஓட்டைக்குத் தகடு வெச்சு அடச்சேன். வழவழன்னு தேச்ச சீலுக்கு எண்ணெ எதுக்குங்க?

மறுபடி ஸ்டார்ட் பண்ணி கர்ச்சீப்பப் புடிச்சேன். தும்பப் பூவாட்ட இருந்துச்சு! உள்ள இருந்து கிர்ருன்னு சன்னமா ஒரு சத்தம் மட்டும் வந்துச்சு. புது எஞ்சின்னா கொஞ்சம் கத்தத்தான் செய்யும். சோறு கொண்டாந்த கோகிலா வாசல்லயே நின்னுட்டா. "ஏனுங்க, கல்லு தண்ணியில்லாம சுத்தறாட்டவே கேக்குதுங்க"ன்னா. கிரைண்டர்க்காரன் ஊட்டுல பொறந்தவளுக்கு இடி இடிச்சாலும் கிரைண்டர் சத்தமாத்தான் கேக்கும். போடி அக்கட்டன்னு வெரட்டி உட்டேன்.

பொழுதோட பாத்தா மச்சான் வந்து நிக்கறாரு. "சும்மா இந்தப் பக்கம் வந்தனுங்க மாப்ள." கணபதி எங்க, சுந்தராபுரம் எங்க? சும்மா வர்ற தூரங்களா அது? எஞ்சின ஓட்டச் சொல்லி, கண்ண மூடிட்டு காத சாச்சுக் கேக்கறாரு. கேட்டுட்டு, "மாப்ள, கிரைண்டர்ல தண்ணி ஊத்தாம உட்டா கல்லு கல்லத் தின்னுருமுங்க. இதுக்கும் எண்ணெகிண்ணெ எதாச்சும்..."னு இழுத்தாரு. "மச்சான், இது மாவாட்டற மிசினு இல்லீங்க"ன்னு வெட்டி உட்டேன். சிரிச்சாரு, போயிட்டாரு. நீங்களே சொல்லுங்க. என்ற எஞ்சின் எப்ப வெடிக்கும், சட்டய எப்ப மாட்டலாம்னு காத்திருக்கற ஆளு. அவரு சொல்ற யோசனைய நான் கேட்டா என்னையவிடக் கேனயன் எவனாச்சும் இருப்பானுங்களா?

ரேஸ் அன்னிக்குக் காத்தாலயே குடும்பத்தோட வந்து எறங்கிட்டாரு. வண்டி கெளம்பறதுக்கு முன்னால டயருக்கடியில எலுமிச்சங்கா வெக்கோணுமில்லீங்களா? கோகிலா பையில கைய உட்டுட்டு, "ஐயோ, எலுமிச்சங்காய மறந்துட்டு வந்துட்டனுங்க"ன்னா. உப்பு மறந்தாலும் சாமி காரியத்த மறக்காதவ, அன்னிக்கின்னு பாத்து மறந்திருக்கா. நாந்தான் ஓடுனேன். வாங்கிட்டுத் திரும்பி வந்தா, மச்சான் காரோட பின்பக்கம் எனக்கு முதுகக் காட்டிட்டுக் குனிஞ்சு நிக்கறாரு. கோகிலா முந்தானைய விரிச்சுப் புடிச்சு மறப்புக் கட்டுன மாதிரி நிக்கறா. டாக்டரம்மா ஹெல்மெட்டு போட்டுட்டு ஆகாசத்தப் பாக்குது. என்னையப் பாத்ததும் மூணு பேரும் வெலகி நின்னாங்க. "என்னங்க பண்றீங்க?"ன்னேன். "சாமி கும்பிட்டமுங்க"ன்னாங்க. டேங்குகிட்ட என்னங்க சாமி? அப்ப எனக்கு அது தோணல.

கொடி எறங்குச்சு. வண்டி சீறிட்டுப் போச்சு பாருங்க, டர்போ விசில் அடிக்குது, முன்னால இருந்த வண்டிகள ஒண்ணொண்ணாத் தாண்டுது. ஒடம்பு சிலுத்துப் போச்சு. மொத வளைவு திரும்பி எங்க பக்கம் வருது, பின்னால பாத்தா நீலப் பொகை. ஊதுபத்திப் பொகை இல்லீங்க. கொசு மருந்து வண்டிப் பொகை!

வாசம் வேற. பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கு போனா வருமே, அந்த வாசம். கூட்டத்துல வயசாளிக கண்ண மூடி மூக்க உறிஞ்சறாங்க, "ஆகா, எத்தன நாளாச்சு"ன்னு. மைக்கில பேசறவன், "எஞ்சின் போச்சுங்க, வண்டி இதோ நிக்கப் போகுது"ன்னு கத்தறான். நிக்கல. அடுத்த சுத்துல, "இந்தச் சுத்துல கண்டிப்பா நிக்கும்"ங்கறான். அப்பவும் நிக்கல. என்ற கஸ்டமர் ஒருத்தன், கூட்டத்துக்குள்ள இருந்து, "ஏனுங்ண்ணா, நிரந்தரத் தீர்வு லீவு போட்டுட்டுதுங்களா?"ன்னு கத்துனான். இந்த ஊருக் குசும்பு இருக்குது பாருங்க! நான் போண்டாக் கடைக்குப் பின்னால போய் ஒக்காந்துட்டேன். வண்டி சத்தம் மட்டுந்தான் கேக்குது. அந்தக் கிர்ருங்கற சத்தமும் காணோம். என்னான்னே புரியல.

நிக்கவே இல்லீங்க. கடைசி வரைக்கும் ஓடுச்சு. ரெண்டாவதா வந்துச்சு. எஞ்சின் வெடிக்கல! நான் ஜெயிச்சுட்டேன்! சந்தோசப்படறதா, பொகைக்கு அழுகறதான்னு தெரியாம நிக்கறேன், மச்சான் ஓடியாந்து என்னையக் கட்டிப் புடிச்சுட்டாரு. "மாப்ள, போர்டு தப்பிச்சுதுங்க மாப்ள!"ன்னு குதிக்கறாரு. தோத்த ஆளு எதுக்குங்க குதிக்கறாரு? பாத்தா, அந்த வெள்ளச் சட்டயில, பாக்கெட்டுகிட்ட, இத்தாப் பெரிய பச்சக் கறை. மோந்து பாத்தேன். டூ-டி ஆயிலு. டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோட கலக்கற எண்ணெ.

"டேங்குல ஊத்துனீங்களா?"ன்னேன்.

"ஆமாங்க மாப்ள. அளவு தெரியல, கொஞ்சம் தூக்கலாப் போயிருச்சாட்ட இருக்குது."

"ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க? என்ற மானம் போச்சே!"

அதுக்கு அந்த மனுசன் என்ன சொன்னாருன்னா, "தங்கச்சி அழுதுதுங்க மாப்ள. போர்ட எறக்கிட்டா அவரு அவராவே இருக்க மாட்டாருண்ணா, சட்டய மாட்டிட்டு உங்க கம்பெனியில வந்து நிக்கறத நான் கண்ணால பாக்க மாட்டேன்னு அழுதுது"ன்னாரு. திரும்பிப் பாத்தா கோகிலா தூரத்துல நின்னு மூக்கச் சிந்திட்டிருக்கா. எதுக்குங்க அழோணும்? கட்டுனது நானு. என்ற எஞ்சின் எப்படி ஒடையும்? ஒரு நம்பிக்கை வேண்டாமுங்களா? அந்தப் பொகை கண்ணுல பட்டு ஒரே எரிச்சல், தண்ணியாக் கொட்டுது.

ரேஸ் முடிஞ்ச மக்யா நாள் எஞ்சினப் பிரிச்சேன். மச்சானும் வந்து பக்கத்துல நிக்கறாரு. மூலைச் சீல எடுத்துப் பாத்தா, ஒரு கீறல் கெடையாதுங்க. மேல மெல்லிசா எண்ணெ படிஞ்சு பளபளன்னு இருக்குது. "பாத்தீங்களா மச்சான், என்ற கைவேலைய?"ன்னேன். "ஆமாங்க மாப்ள, கைவேலதான்"னு சொல்லிட்டுத் தன் கையப் பாத்துக்கறாரு. அப்பறம் என்ன நெனச்சாரோ, அந்த சாம்பக் கலர் சட்டயக் கோகிலாகிட்டக் கேட்டு வாங்கியாந்து, "இனி இது உங்களுக்கு எதுக்குங்க, எஞ்சினத் தொடச்சுக்குங்க"ன்னு குடுத்தாரு. லொள்ளுதானுங்களே இது? நானும் தொடைக்கல. நல்ல துணி. என்ற பேரு வேற தச்சிருக்குது. மடிச்சு உள்ள வெச்சுட்டேன்.

வர்ற ஞாயித்துக்கெழம மறுபடி ரேஸ். அதுக்குத்தான் இந்தப் பூட்டு. ஊருக்கே பொகையில்லாம ஓட்டிக் காட்டறேன். மச்சான் வரட்டும், டேங்கச் சுத்திச் சுத்திச் சாமி கும்பிடட்டும். மூடியத் தொட முடியாதுங்களே! சாவி ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட. இன்னொண்ணு தொலஞ்சுறக் கூடாதில்லீங்களா, கோகிலாகிட்டத்தான் குடுத்து வெக்கப் போறேன். இப்பத்தான் போன்ல சொன்னேன், "உங்க அண்ணங்கிட்ட மட்டும் குடுத்தே, பாத்துக்க"ன்னு. "கருப்பராயன் மேல சத்தியமாங்க, அண்ணன் கையில குடுக்கவே மாட்டேன்"ன்னுட்டா. சத்தியம்னா அவளுக்கு சத்தியந்தான்.

பாவம், அவளுக்கும் இப்ப அக்கறை வந்துருச்சு. நேத்து அடுப்படியில பாக்கறேன், கொழந்தைகளுக்கு இருமல் மருந்து ஊத்தற அளவு மூடி இருக்குதில்லீங்களா, அதுல ஏதோ பச்சையா ஊத்தி, ஒத்தக் கண்ண மூடி கோடு பாத்துட்டிருக்கா. "என்னடி?"ன்னா, "முட்டிக்குத் தைலமுங்க"ங்கறா. முட்டி வலி இருந்தும் ஞாயித்துக்கெழம வந்தே தீருவாளாம். "இந்தத் தடவ பொகையே வராது பாருங்க. எண்ணி அளந்த மாதிரி இருக்கும்"னு அவளே சொல்றா. பாத்தீங்களா, இப்பத்தான் என்ற கைவேல மேல அவளுக்கு நம்பிக்கை வந்திருக்குது. எலுமிச்சங்கா மட்டும் நீங்களே போய் வாங்கிட்டு வந்துருங்கன்னு முந்தானையில வாயப் பொத்திட்டே இப்பவே சொல்லி வெச்சுட்டா.

அட, லாரிய எடுத்துட்டான். ஏனுங்க, நீங்களும் அவளாட்டவே வாயப் பொத்திட்டுச் சிரிக்கறீங்க?